புறங்கைத் தேன்

நுழையும்முன்

ஊழல் ஏன் நிகழ்கிறது என்று கேட்டால், வறுமையே காரணம் என்பார் பலர். வறுமை ஏன் நீங்கவில்லை என்று கேட்டால், ஊழலே காரணம் என்பாரும் அவரே. இவ்விரு விடைகளும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. இச்சுழலை எந்த இடத்தில் அறுப்பது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

பழமொழி மறைக்கும் வினா

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பொதுப்பணத்தைக் கையாள்பவர் அதில் சிறிது எடுத்துக்கொள்வது இயல்புதான் என்னும் பொருளில் இதனைச் சொல்கிறோம். சொல்லும்போது ஒரு புன்முறுவலும் உடன் வந்துவிடுகிறது. தேன் யாருடையது? அடையிலிருந்து எடுத்த தேனில் எவ்வளவு கலத்தை வந்து சேர்ந்தது? கலத்தை ஏந்திக் காத்து நின்றவர் யார்? இவ்வினாக்களைப் பழமொழி எழுப்புவதில்லை.

ஊழல் இன்று தோன்றிய நோயன்று. அரசுப் பொருளை அலுவலர் கவரும் வழிகள் நாற்பது எனக் கௌடில்யரின் அர்த்தசாத்திரம் வகைப்படுத்துகிறது. பழமையானது என்பதற்காக ஒரு தீமையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் நம் காலத்தில் அதனைப் பொறுத்துக்கொள்வதற்குப் புதியதொரு காரணம் கூறப்படுகிறது. நாடு ஏழையாக இருக்கும்வரை ஊழல் இருக்கும். செல்வம் பெருகினால் அது தானே மறையும் என்பதே அக்காரணம்.

இக்கருத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. குடும்பம் நடத்தப் போதாத ஊதியம் பெறும் ஊழியர் கைநீட்டத் தூண்டப்படுகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவரை ஏமாற்றுவது எளிது. உலக நாடுகளை ஒப்பிட்டால், ஏழை நாடுகளிலேயே ஊழல் மிகுதியாகக் காணப்படுகிறது. எனினும், இரண்டும் ஒருங்கே காணப்படுவதால் ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுத்தது என்று முடிவு செய்யலாகாது. ஏழைக்கு உரிய பொருளின் கணக்கு ஏழையின் கண்ணில் படாமல் இருப்பதே ஊழலை வளர்க்கிறது என்பது என் கருத்து. அக்கணக்கைத் திறந்து வைத்தால், செல்வம் பெருகும் நாளுக்காகக் காத்திராமல் இன்றே ஊழலைக் குறைக்க இயலும்.

காத்திருக்க இயலாதவர்

ஒரே ஊரில் வாழும் இரு குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 10,000 ரூபாய். மற்றொன்றின் வருமானம் 1,00,000 ரூபாய். இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் கல்லூரியில் சேர இருப்பிடச் சான்று தேவைப்படுகிறது. இருவரிடமும் 500 ரூபாய் கையூட்டுக் கேட்கப்படுகிறது எனக் கொள்வோம். முதற்குடும்பம் தன் மாத வருமானத்தில் 5 விழுக்காட்டை இழக்கிறது. இரண்டாவது குடும்பம் இழப்பதோ 0.5 விழுக்காடுதான். வருமான வரி, மிகுதியாக ஈட்டுவோரிடம் மிகுதியான விகிதத்தில் பெறப்படுகிறது. கையூட்டு இதற்கு நேர்மாறாக, குறைவாக ஈட்டுவோர்மீது கூடுதலான சுமையை ஏற்றுகிறது.

இது பணக்கணக்கு மட்டுமே. இதனினும் கடுமையானது நாள்கணக்கு. வசதியுடையவர் கையூட்டுத் தர மறுக்கலாம், மேலதிகாரியைச் சந்திக்கலாம், வழக்குரைஞரை அணுகலாம், ஒரு திங்கள் காத்திருந்தாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். நாள்கூலி பெறுபவருக்கோ அலுவலகத்தின் வாயிலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலியிழந்த நாள். பேருந்துக் கட்டணமும் அதனோடு சேரும். "நாளை வாருங்கள்" என்னும் இரு சொற்கள் ஒருவருக்கு எரிச்சலூட்டும் செய்தி. மற்றவருக்கு ஒருநாள் உணவு. மூன்று நாள் அலைந்து இழப்பதைவிட 500 ரூபாய் கொடுத்துவிடுவது மேல் என்று அவர் கணக்கிடுகிறார். அக்கணக்கில் பிழையில்லை. காத்திருக்க இயலாத நிலையே அவரிடம் விலை பேசப்படுகிறது.

மேலும், அரசின் பணிகளைப் பெரிதும் சார்ந்திருப்பவர் ஏழையே. அரசு மருத்துவமனையில் மருந்து இல்லையெனில் செல்வர் தனியார் மருத்துவமனைக்குச் செல்வார். நியாயவிலைக் கடையில் எடை குறைந்தால் வெளிக்கடையில் அரிசி வாங்குவார். ஏழைக்கு இரண்டாவது வாயில் இல்லை. எனவே பொதுப்பணத்தில் களவு போகும் ஒவ்வொரு ரூபாயும் பெரும்பாலும் அவர் பங்கிலிருந்தே போகிறது.

வருகைப் பட்டியல் சொன்ன உண்மை

வறுமையில் வாடுவோரே ஊழலைக் கண்டறிந்து எதிர்த்த வரலாறு இராஜஸ்தானில் நிகழ்ந்தது. வறட்சிக் காலங்களில் அங்குள்ள மக்கள் அரசின் நிவாரணப் பணிகளை நம்பி வாழ்ந்தனர். சாலை அமைத்தனர், குளம் வெட்டினர். அத்தகைய பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியினும் குறைவாகத் தருவது அரசமைப்பின் 23ஆம் உறுப்புக்கு மாறானது என உச்ச நீதிமன்றம் 1983ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்னரும் முழுக்கூலி கைக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், நீங்கள் செய்த வேலையின் அளவு குறைவு என்று பொறியாளர் கூறினார். அளவு எழுதப்பட்ட பதிவேட்டைக் காட்டுங்கள் என்றபோது, அது அரசு ஆவணம், காட்ட இயலாது என்னும் விடை கிடைத்தது.

இந்திய ஆட்சிப் பணியிலிருந்து 1975இல் விலகிய அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் தேவ்துங்ரி என்னும் சிற்றூரில் குடியேறி மக்களோடு வாழ்ந்தனர். உழவர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து 1990ஆம் ஆண்டு மே முதல்நாளில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். தங்கள் கூலி குறித்த ஆவணங்களைக் காணும் உரிமையே அவர்கள் கோரிக்கையின் மையமாயிற்று.

1994ஆம் ஆண்டு டிசம்பரில் கோட்கிரானா என்னும் ஊரில் முதலாவது பொது விசாரணை நடைபெற்றது. முயன்று பெற்ற ஆவணங்கள் ஊரார் கூடியிருந்த இடத்தில் உரக்கப் படிக்கப்பட்டன. அங்கும் பின்னர்ப் பிற ஊர்களிலும் நடந்த விசாரணைகளில் வெளிப்பட்டவை பலவாகும். வேலைக்கு வராதவர் பெயரும், ஊரைவிட்டுச் சென்றவர் பெயரும், இறந்தவர் பெயரும் வருகைப் பட்டியலில் இருந்தன. அவர்கள் கூலி பெற்றதாகக் கைந்நாட்டும் இருந்தது. முடிவுறாத கட்டடங்கள் தாளில் முடிவுற்றிருந்தன. இவற்றைக் கண்டறியத் தணிக்கையாளர் எவரும் தேவைப்படவில்லை. யார் இறந்தார், யார் ஊரில் இல்லை, எந்தக் கட்டடத்துக்குக் கூரையில்லை என்பன ஊரார் அனைவரும் அறிந்தவை. அரசு என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டுமே அவர்கள் அறியாதது. அது படிக்கப்பட்டவுடன் எழுத்தறியாதவரும் தணிக்கையாளர் ஆனார்.

1996ஆம் ஆண்டில் பியாவர் நகரில் நாற்பது நாள்கள் அறப்போராட்டம் நிகழ்ந்தது. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதே அங்கு எழுந்த முழக்கம். தகவல் பெறும் உரிமைக்கு முதன்முதலாகச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. 1997இல் வந்த அச்சட்டத்தில் விலக்குகள் மிகுதி. இராஜஸ்தானில் 2000இல் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், தன் 17ஆம் பிரிவில் கிராம சபை நடத்தும் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. கூலிக்காகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வி நாட்டின் சட்டமாக வளர்ந்தது.

வழியில் கரைந்த கல்விப் பணம்

கணக்கு மறைந்திருந்தால் என்ன நேரும் என்பதற்கு ஆப்பிரிக்க நாடான உகாண்டாவிலும் ஒரு சான்று உண்டு. அந்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப மானியம் ஒதுக்கியது. பணம் மாவட்ட நிர்வாகங்கள் வழியாகப் பள்ளிகளுக்குச் செல்ல வேண்டும். 250 பள்ளிகளின் பதிவேடுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, 1991 முதல் 1995 வரையிலான காலத்தில் சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளியை அடைந்தது தெரியவந்தது. பல பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை.

இவ்வாய்வு வெளிக்கொணர்ந்த மற்றோர் உண்மை நம் பொருளுக்கு இன்றியமையாதது. இழப்பு எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே அளவில் நேரவில்லை. வசதியான மக்கள் வாழும் பகுதியிலிருந்த பள்ளிகள் தமக்குரிய பங்கைக் கேட்டுப் பெற்றன. ஏழைகள் வாழும் பகுதியிலிருந்த பள்ளிகள் மிகுதியாக இழந்தன. மானியம் இருப்பதையே பெற்றோர் பலர் அறிந்திருக்கவில்லை. அறியாத பணத்தை யார் கேட்பார்?

பின்னர் அரசு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அனுப்பிய தொகையை நாளிதழ்களில் வெளியிடத் தொடங்கியது. பள்ளிகளும் தாம் பெற்ற தொகையை அறிவிப்புப் பலகையில் எழுதின. 2001ஆம் ஆண்டளவில் மானியத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பள்ளிகளைச் சென்றடைந்தது. நிதி நிர்வாகத்தில் வேறு சீர்திருத்தங்களும் அக்காலத்தில் நிகழ்ந்தன. எனவே முழுப்பெருமையும் நாளிதழுக்கு உரியதன்று. எனினும் அந்தச் சில ஆண்டுகளில் உகாண்டா செல்வ நாடாகிவிடவில்லை. ஏழை நாடாக இருந்துகொண்டே தன் பணத்தின் ஒழுக்கை அது பெருமளவு அடைத்தது.

செல்வம் வந்தால் ஊழல் போகுமா?

செல்வம் பெருகினால் ஊழல் தானே மறையும் என்னும் நம்பிக்கைக்கு மறுப்பாக விளங்குவது ஹாங்காங். 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அங்குத் தொழில்கள் விரைந்து வளர்ந்தன, பொருள்வளம் பெருகியது. ஊழலும் உடன் பெருகியது. நோயாளியை ஏற்றிச் செல்ல வந்த ஊர்தியின் பணியாளர் முதலில் 'தேநீர்க் காசு' கேட்டார். மருத்துவமனையில் குடிக்கத் தண்ணீர் பெறவும் உதவியாளருக்குக் காசு தர வேண்டியிருந்தது. வளர்ச்சி, கைநீட்டுவோருக்குக் கூடுதலான வாய்ப்புகளையே அளித்தது.

ஊழல் குற்றச்சாட்டுக்கு உள்ளான உயர் காவல் அதிகாரி ஒருவர் 1973இல் நாட்டைவிட்டுத் தப்பியபோது மக்கள் வெகுண்டு வீதிக்கு வந்தனர். அதன் விளைவாக 1974ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஊழலுக்கு எதிரான தனி ஆணையம் அமைக்கப்பட்டது. அது காவல் துறைக்குக் கட்டுப்படாமல் ஆளுநரிடம் நேரடியாகப் பொறுப்பேற்றது. குற்றவாளிகளைப் பிடித்தல், ஊழலுக்கு இடந்தரும் நடைமுறைகளைத் திருத்துதல், மக்களுக்கு எடுத்துரைத்தல் ஆகிய மூன்றையும் ஒருசேர மேற்கொண்டது. நாளடைவில் தேநீர்க் காசு மறைந்தது. செல்வம் செய்யாததை மக்களின் சினமும் சுதந்திரமான அமைப்பும் செய்தன.

ஏழையும் உடந்தையா?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். தேர்தலில் பணம் பெற்று வாக்களிப்பவர் ஏழைதானே? கையூட்டைக் கொடுப்பவரும் குற்றவாளிதானே? ஏழையைப் பழியிலிருந்து முற்றிலும் விலக்குவது நேர்மையாகுமா?

இம்மறுப்பை ஒதுக்கிவிட இயலாது. வாக்குக்குப் பணம் தருவதும் பெறுவதும் சட்டப்படி குற்றமே. பெற்ற தொகையை ஐந்து ஆண்டுகளின் நாள்களுக்குப் பகிர்ந்தால் ஒரு நாளுக்கு ஒன்றிரண்டு ரூபாய்கூடத் தேறாது என்பதையும் வாக்காளர் உணர வேண்டும். ஆயினும் குற்றத்தை எடைபோடும்போது தேவைக்கும் பேராசைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மறக்கலாகாது. பசித்தவர் நீட்டிய கையைப் பற்றிப் பேசுவோர், அக்கையில் பணத்தை வைத்துப் பல மடங்காகத் திரும்ப எடுத்தவரைப் பற்றிப் பேசத் தயங்குகின்றனர். பெருந்தொகையான ஊழல்கள் பல ஒப்பந்தங்களிலும் உரிமங்களிலும் நிகழ்கின்றன. அங்கு ஏழை எவரும் அமர்ந்திருப்பதில்லை.

சட்டமும் இவ்வேறுபாட்டை ஒருவாறு ஏற்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்யப்பட்ட திருத்தம், கையூட்டுக் கொடுப்பவரையும் குற்றவாளியாக்கியது. ஆனால், கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் உரிய அமைப்பிடம் தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. நல்ல விதிதான். எங்கே, யாரிடம், எப்படித் தெரிவிப்பது என்பதை அறியாத கூலித் தொழிலாளிக்கு அந்த ஏழு நாள்கள் பயன்படுமா என்பதே கேள்வி. உரிமை ஏட்டில் இருப்பதும் அது கைக்கு எட்டுவதும் ஒன்றாகா.

திறந்த கணக்கின் எல்லை

கணக்கைத் திறந்து வைத்தால் மட்டும் எல்லாம் நேராகிவிடுமா? இந்தோனேசியாவில் 600க்கும் மேற்பட்ட ஊர்களின் சாலைப் பணிகளில் நடந்த ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. பொறியாளர்கள் போட்ட சாலையைத் தோண்டி, எவ்வளவு கல்லும் மணலும் இடப்பட்டன என அளந்தனர். கணக்கில் எழுதிய செலவோடு ஒப்பிட்டனர். தணிக்கை உறுதியாக நடக்கும் என அறிவிக்கப்பட்ட ஊர்களில், காணாமற்போன தொகை 8 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. மக்களை ஊர்க்கூட்டத்துக்கு அழைத்ததால் மட்டும் அவ்வளவு பயன் விளையவில்லை. கூட்டங்களால் கூலியில் நிகழ்ந்த களவு குறைந்தது. பொருள்களில் நிகழ்ந்த களவு குறையவில்லை.

காரணம் தெளிவானது. தமக்கு வரவேண்டிய கூலியை ஒவ்வொருவரும் அறிவர். சாலைக்கு அடியிலுள்ள கல்லின் கனத்தைக் கண்ணால் அளக்க முடியாது. எனவே ஊராரின் விழிப்பும் வேண்டும். அஞ்சாத தணிக்கையும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்துவிடாது.

கேள்வி கேட்பவருக்குப் பாதுகாப்பும் வேண்டும். தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்களும் உயிரிழந்தவர்களும் நம் நாட்டில் உளர். அவர்களுள் பலர் சிற்றூர்களில் வாழ்ந்த எளிய மக்கள். பொதுக் கணக்கைக் கேட்கும் எளியவரை ஊரும் சட்டமும் தனியே விட்டுவிட்டால், அடுத்த கேள்வி எழாது.

கேட்கத் தெரிந்த தலைமுறை

ஊழலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அறிவுரையாகவே முடிகிறது. நேர்மையாக இருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிட்டுப் பெரியவர்கள் ஓய்ந்துவிடுகின்றனர். நேர்மை தேவை, அதனோடு கேட்கும் திறனும் தேவை. கேட்பதற்கான வழிகள் அருகிலேயே உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நடுவண் அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர்க்கு அக்கட்டணமும் இல்லை. பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தரப்பட வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது விடுதலை தொடர்பான தகவலாயின் 48 மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கு மக்கள்முன் வைக்கப்பட வேண்டும்.

இன்னும் ஓரிரு ஆண்டுகளில் நீங்கள் வாக்காளர் ஆவீர்கள். சிற்றூரில் வாழ்பவராயின் கிராம சபையின் உறுப்பினரும் ஆவீர்கள். உங்களுள் சிலர் அலுவலர்களாக மேசையின் மறுபக்கத்தில் அமரவும் கூடும். அன்று உங்கள் முன்னே நிற்பவர் ஒருநாள் கூலியை இழந்து வந்திருப்பார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவர் கேட்கும்முன் கணக்கைத் திறந்து வையுங்கள். இன்று உங்கள் வீட்டில் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர் இருந்தால், அவருக்கு வரும் ஓய்வூதியச் சீட்டையோ குடும்ப அட்டையின் பதிவையோ உரக்கப் படித்துக் காட்டுங்கள். கோட்கிரானாவில் ஊரார் கூடித் தொடங்கிய பணியும் அதுதான்.